ஏலத்துக்கு நடுவே ஹெலிகாப்டர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அரைக் கிலோ மீன் வாங்கப் போன நான், ஒரு கூடை சங்கரா மீனோடு வீடு திரும்பினேன். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மனைவி கேட்ட கேள்விகளை எழுத இந்தப் பக்கம் போதாது!

நடந்தது இதுதான்.

நான் இருப்பது உழவர்கரை. ஞாயிறு காலையில் கடலோரத்து மீனவர் ஊரான வைத்திக்குப்பத்துக்கு ஸ்கூட்டரை விடுவேன். படகு வந்ததும் மணலிலேயே ஏலம். ஏலம் விடுபவர் விலையைச் சொல்லச் சொல்ல, சுற்றி நிற்பவர்கள் குரல் கொடுப்பார்கள். எல்லாமே வாய்ச்சொல்தான். கண்மூடித் திறப்பதற்குள் கூடை கைமாறிவிடும்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் சுமதி அன்று அந்தச் சங்கராக் கூடையை ஏலம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது பார்த்து... டபடபவென்று ஒரு சத்தம்! 'சூரிய உதயத்தை வானத்திலிருந்து பாருங்கள்' என்று ஊரெல்லாம் பேனர் வைத்திருக்கிறார்களே, அந்தச் சுற்றுலா ஹெலிகாப்டர்தான். கூரை பறந்துவிடுமோ என்கிற அளவுக்குத் தாழ்வாக வந்தது.

ஏலக்காரருக்கு எவர் குரலும் கேட்கவில்லை. கையைப் பார்த்து விலையை ஏற்றினார். நானோ வெயிலுக்குக் கையைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்.

கூடை எனக்கே முடிந்துவிட்டது!

"நீங்களே எடுத்துக்குங்க" என்று சுமதியிடம் கெஞ்சினேன்.

"அந்த வெலைக்கு வாங்கி நான் இன்னாத்த விக்கிறது சார்? இந்த வாரம் பூரா இதே கதிதான். தொண்ட கிழிய கத்துறேன், அவருக்குக் கேக்கல. வெறுங்கூடையோட வீட்டுக்குப் போனா, பிள்ளைங்களுக்கு இன்னா பதில் சொல்றது?"

சொல்லிவிட்டு வெறுங்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். எனக்குச் சிரிப்பு போய்க் கோபம் வந்தது.

ஹெலிகாப்டரே கூடாது என்று குப்பத்து மக்கள் மறியல் செய்வார்கள் என நினைத்தேன். ஊர்ப் பஞ்சாயத்து என்ன செய்தது தெரியுமா? ஹெலிகாப்டர் கம்பெனி மேனேஜரையும் ஓர் அரசு அதிகாரியையும் ஏலத்துக்கே வரச் சொன்னது. வந்தார்கள்; நானும் போயிருந்தேன். சொல்லிவைத்த மாதிரி ஹெலிகாப்டரும் வந்தது. மேனேஜர் ஏதோ விளக்கம் சொன்னார்... வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது!

சத்தம் ஓய்ந்தபின் பேச்சு சுலபமாகிவிட்டது. ஏலம் முடியும்வரை பறக்கக்கூடாது என்றது பஞ்சாயத்து. குப்பங்களின் மேல் வராமல் கடலுக்குள் தள்ளி, உயரத்தில் போக வேண்டும். ஆமைகள் முட்டையிடக் கரையேறும் மாதங்களில் கடற்கரைப் பக்கமே வரக்கூடாது. நானும் என் பங்குக்கு, பறவைகள் வந்து தங்கும் ஊசுடு ஏரியையும் சேர்க்கச் சொன்னேன். "விதியாவே போட்டுடலாம்" என்றார் அதிகாரி.

நம் ஊர் சுற்றுலாவில் பிழைக்கிற ஊர். வருகிறவர்கள் ஆசைதீரப் பார்க்கட்டும். ஆனால் மேலிருந்து பார்த்தால் அழகான கடற்கரை — கீழே அது நாலு பேர் உழைக்கும் இடம். இதைப் புரியவைக்க ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்ததே, அதுதான் எனக்குப் பெரிய நம்பிக்கை.

இந்த வாரம் மறுபடி போனேன். வானம் அமைதி. சுமதியின் குரல்தான் கரையெல்லாம் கேட்டது. கூடை நிறைய மீனோடு அவர் கிளம்ப, மீன் வாங்க வந்திருந்த மேனேஜர் கேட்டார்:

"அக்கா, நீங்க ஒரு ரவுண்டு வந்து பாக்குறீங்களா?"

"வராம பின்ன? எங்க குப்பம் மேலேருந்து எப்டி இருக்குதுன்னு நான் பாக்க வேணாமா? மீன வித்துட்டு வந்துடுறேன். அதுக்கு முன்னாடி வண்டிய எடுத்தீங்க... பஞ்சாயத்த நானே கூட்டுவேன் தம்பி!"