குளிர்காலத்தில் எழும் நேரம்

திங்கட்கிழமை என் நாட்குறிப்பில் எழுதியது: குளிர்காலத்தில் முன்னதாகப் படுத்து, வெயில் வந்தபின் எழுந்தால் நோய் அண்டாது என்கிறது பழைய சீன மருத்துவம்.

இன்று வியாழன், காலை ஐந்தரை. ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் மெட்ரோ நிலையத்தில் கண் எரிய நிற்கிறேன். துப்புரவு வேலைக்குப் போகும் யாழ்ப்பாணத்து ரஞ்சி ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் குடிக்கிறார்; கூட வேலைசெய்யும் சீனப் பெண் பழக்கியதாம்.

“எனக்குப் பிறஷர் கூடீட்டுது, அண்ணை. வெயில் வந்தாப் பிறகு எழும்பட்டாம் எண்டு சொல்லுறா அந்தச் சீன மனுசி. இஞ்சை ஒன்பதுக்குத்தானே வெயில்!”

“அவங்க எப்ப எழுந்திருப்பாங்க?”

“நாலுக்கு! எனக்கு முதல் வந்து நிப்பா.” சிரிக்கிறார். “பத்து மணிக்குத் தொடங்கிற வேலை கேட்டனான். இண்டைக்குக் காலமைதான் முடிவு சொல்லுவினம்.”

ரயிலில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறார். நான் இறங்கும்போது எழுப்ப மனம் வரவில்லை. அவர் சரியான நிலையத்தில் இறங்கினாரா, வேலை நேரம் மாறியதா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை.