வலப்பக்கப் பொக்கற்

கனடாவில், எங்கள் வெக்ஸ்போர்ட் கட்டடத்தில் கிளிபோட் அங்கிள் பஸ் ஓட்டி ஓய்ந்தவர். அயர்லாந்துக் கிராமத்துத் தையற்காரர் ஒருவரின் இளைய மகன். மாரி முழுக்க ஒரே தவிட்டு நிறக் கோட்டு. யாராவது அதைப் பார்த்தால் போதும், இங்கிலீஷில் தொடங்கிவிடுவார். எங்கள் பேச்சில் சொன்னால் இதுதான்:

"காணியை அண்ணனுக்குக் குடுத்திட்டு எனக்கு இதைத் தைச்சுத் தந்தார் அப்பா. அதிலையும் இடப்பக்கம் வைக்கவேண்டிய நெஞ்சுப் பொக்கற்றை வலப்பக்கம் வைச்ச தையற்காரன்!"

பேத்திக்குக் கலியாணம் வந்தது. நான் வீட்டில் உடுப்புத் தைப்பதால் கோட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்.

"புரட்டித் தாரும், பிள்ளை."

அவருடைய ஊரில் வீட்டுச் செம்மறியின் மயிரைப் பெண்கள் நூற்க, ஊர் நெசவாளி துணியாக்குவானாம். வெளிப்பக்கம் மங்கினால் தையலைப் பிரித்து, உட்பக்கம் வெளியே வரத் திருப்பித் தைப்பார்களாம். அந்த நல்ல பக்கத்தைத்தான் இவ்வளவு காலமும் பொத்தி வைத்திருந்தார்.

"கடையிலை புதுசு வாங்கலாமே, அங்கிள்?"

"சோம்பல் எண்டால் சொல்லும்."

"சோம்பலோ? இரும், இப்பவே பிரிக்கிறன்."

உள்சீலையைப் பிரித்தேன். உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட மோசம். முழங்கையில் தேய்ந்து மினுங்கியது. வலப்பக்கம், பட்டன்களுக்கு அடியில், பழைய பட்டன் ஓட்டைகளை நூலால் அடைத்திருந்தது.

"அங்கிள், இது முந்தியே ஒருக்காப் புரட்டினது."

"விசர்க் கதை. எனக்கெண்டு புதுசாத் தைச்சது."

"புதுசிலை உட்பக்கம் என்னெண்டு வெளுக்கும்? புரட்டினால் இடப்பக்கப் பொக்கற் வலப்பக்கம் வரும். உங்கடை அப்பா பிழை விடேல்லை. ஆரோ போட்ட கோட்டு இது."

"ஆற்றை கோட்டு?"

கேட்டவர் கதிரையில் இருந்துவிட்டார்.

கனடாவுக்குப் புறப்பட்ட காலை, வாசலில் வைத்து அந்தப் பொக்கற்றைக் காட்டித் தகப்பனைப் பார்த்துச் சிரித்தாராம். தகப்பன் கொட்டும் மழைக்குள் பஸ் நிற்குமிடம்வரை பெட்டியைச் சுமந்து வந்தார்.

"வெறும் சேட்டோடைதான் வந்தவர்," என்றார் அங்கிள். "உங்கடை கோட்டைப் போடுங்கோவன் எண்டன். குளிரேல்லை எண்டார்."

"அவற்றை செத்தவீட்டுக்கும் நான் போகேல்லை," என்றார்.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. தேத்தண்ணி வைத்தேன்.

"இனிப் புரட்ட ஏலாது, அங்கிள்."

"வேண்டாம். உள்சீலையை மட்டும் தைச்சுத் தாரும்."

கலியாணத்துக்கு அதே மங்கல் கோட்டோடுதான் வந்தார். என் மனிசன் சச்சிதானந்தனுக்கு வாய் சும்மா கிடக்காது.

"அங்கிள், உந்தப் பொக்கற் கதையைச் சொல்லுங்கோவன், ஆக்கள் சிரிக்கட்டும்."

அவரின் காலை மிதித்தேன்; பிந்திவிட்டது.

அங்கிள் கோட்டின் பட்டனைப் பூட்டினார்.

"இது அப்பான்ரை கோட்டு, சச்சி. பொக்கற் சரியாத்தான் இருந்தது."