ஜெயினுலாப்தீனுக்கு முலுக் எது?

தாராவியில் ஊருக்குக் கிளம்புகிறவன் "ஊருக்குப் போறேன்" என்று சொல்ல மாட்டான். "முலுக்குக்குப் போறேன்" என்பான். திருநெல்வேலிக்காரனுக்குத் திருநெல்வேலி முலுக். ரத்னகிரிக்காரனுக்கு ரத்னகிரி முலுக். இந்தி படித்தவர்களைக் கேட்டால் முலுக் என்றால் தேசம் என்பார்கள். தேசமாவது ஒன்றாவது, பம்பாயில் அது ரயிலேறிப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிற இடம், அவ்வளவுதான். இந்த ஒரு வார்த்தை இரண்டு வேலை பார்த்ததில் ஜெயினுலாப்தீன் பட்ட பாட்டை நினைத்தால் சிரிப்பதா, யாரையாவது பிடித்துத் திட்டுவதா என்று தெரியவில்லை.

ஜெயினுலாப்தீனுக்கு மேலப்பாளையம். மீசை அரும்புகிற வயதில் பம்பாய்க்கு வந்து, ஒரு தோல் கம்பெனியில் பச்சைத் தோலுக்கு உப்புப் போடும் வேலையில் சேர்ந்தவர். 1950-இல் முதலாளி கராச்சியிலும் ஒரு கிட்டங்கி போட்டார். ஒரு வருஷம் இருந்துவிட்டு வா என்று பர்மிட் வாங்கிக் கொடுத்து இவரைக் கப்பலேற்றிவிட்டார். பம்பாய்க் கணக்குக்குத் திருநெல்வேலியைவிடக் கராச்சி பக்கம். பம்பாயிலேயே இருக்கிற பைகுல்லாவுக்கு அனுப்பியிருந்தால் பைகுல்லாவுக்குப் போயிருப்பார். கராச்சிக்கு அனுப்பினார்கள், போனார்.

அந்த ஒரு வருஷம் இழுத்துக்கொண்டே போனதில் பாஸ்போர்ட் சட்டம் வந்துவிட்டது. அது இல்லாமல் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு ஆள் நகரக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் கேட்டுப் போனால், நீ இந்தியன்தான் என்பதற்கு அத்தாட்சி கொண்டா என்றார்கள். இவரிடம் இருந்த ஒரே அத்தாட்சி, நிக்காஹ் முடித்து மேலப்பாளையத்தில் விட்டுவிட்டு வந்த ஹபீபா. அவளை எந்த ஆபீசில் கொண்டுபோய்க் காட்டுவது? பாகிஸ்தான் பாஸ்போர்ட் கேட்டதும் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு, மூன்று மாத விசாவில், 1956-இல் பம்பாயில் வந்து இறங்கினார். இவரைப் பொறுத்தமட்டில் அந்தப் பாஸ்போர்ட்டும் கப்பல் டிக்கெட்டும் ஒரே ஜாதி. டிக்கெட் வாங்கினவன் கப்பல் கம்பெனிக்காரனாகிவிடுவானா?

அதே கப்பலில் அதே மாதிரிப் பாஸ்போர்ட்டோடு வந்த கடையநல்லூர் அபுதாஹிர் விவரமான ஆள். துறைமுகத்தில் ஒரு பொய் விலாசம் கொடுத்தார். வந்த மறுநாளே பாஸ்போர்ட்டைத் தாராவிச் சாக்கடையில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ஜெயினுலாப்தீனுக்குச் சட்டமென்றால் பயம். போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் பதிந்துகொள்ள வேண்டும் என்று துறைமுகத்தில் சொல்லியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றார்.

மேஜையில் சாய்ந்திருந்த ஹவல்தார் ஒரு கண்ணைத் திறந்து, "துமாரா முலுக் கோன்சா?" என்றார்.

"மேலப்பாளையம், சாப். தின்னவேலி ஜில்லா."

"மதராஸ்?"

"ஹா, சாப்."

ஹவல்தாருக்குக் கோபம் வந்துவிட்டது. இது பாகிஸ்தான்காரர்கள் வருகிற மேஜை, மதராசிக்கு இங்கே என்ன வேலை, இடத்தைக் காலி பண்ணு என்றார். ஜெயினுலாப்தீன் பையில் கைவிட்டுப் பாஸ்போர்ட்டை எடுப்பதற்குள் ஹவல்தாருக்கு டீ வந்துவிட்டது. "ஜாவ் நா" என்று அவர் கையை வீசினார். இவர் வந்துவிட்டார். சர்க்கார் முலுக் எது என்று கேட்டது, நான் சொன்னேன், சர்க்கார் ஒத்துக்கொண்டது, விஷயம் முடிந்தது என்று மனதார நம்பினார். பொய் சொன்னார் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. அந்த மாதமே ஹபீபாவை வரவழைத்தார். மகள் சைனப் பிறந்தாள். கம்பெனிக்குப் பக்கத்திலேயே தகரம் போட்ட ஒரு அறை கிடைத்தது. வாழ்க்கை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

1965-இல் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. அதுவரை அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த காகிதமெல்லாம் எழுந்து உட்கார்ந்தது. இன்ன கப்பலில் வந்தான், தோல் கம்பெனி விலாசம் கொடுத்தான், திரும்பிப் போகவில்லை என்று போலீஸ் தேடிக்கொண்டு வந்தது. புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் அதே கேள்வியைத்தான் கேட்டார். ஜெயினுலாப்தீன் அதே பதிலைத்தான் சொன்னார். இன்ஸ்பெக்டர் மேஜையில் ஓங்கி அடித்தார். கராச்சிப் பாஸ்போர்ட்டில் வந்தவன் மேலப்பாளையம் என்றால், போலீஸைக் கேலி பண்ணுகிறான் என்றுதானே தோன்றும்.

சண்டை ஓயும்வரை உள்ளே வைத்திருந்தார்கள். பிறகு, நாட்டை விட்டுப் போ என்று ஓர் உத்தரவைக் கையில் கொடுத்து வெளியே விட்டார்கள். போகலாம் என்றால் கராச்சிக்குக் கப்பலும் இல்லை, ரயிலும் இல்லை. இரண்டையும் சண்டை நிறுத்தியிருந்தது. போகாமல் இருந்தால் ஜெயில். ஒரு வக்கீலைப் பிடித்து, நான் இந்தியன்தான் என்று டில்லிக்கு மனுப் போட்டார். பதில் வருகிறவரை ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஸ்டேஷனில் வந்து தலையைக் காட்டச் சொன்னார்கள். பதில் வரவேயில்லை. கப்பல் என்றைக்கு ஓட ஆரம்பிக்குமோ, அன்றைக்கு இவரை ஏற்றிவிடுவார்கள். ஹபீபாவைக் கூட்டிக்கொண்டு போகவும் முடியாது. அவள் இந்தியாக்காரி.

டீக்கடையில் இதைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. பக்கத்து அறை பிரம்மநாயகம் செம்பூரில் ஒர்க்‌ஷாப் வேலை பார்ப்பவர். பேப்பரை எழுத்து விடாமல் படிப்பார். அவருடைய கட்சி, சட்டம் போதாது என்பது.

"சட்டம்னா கறாரா இருக்கணும் பாய். எவன் எங்க இருந்து வாரான், எப்பம் போறான்னு தெரிய வேண்டாமா? நாடு சத்திரமால்லா போயிரும். ஒம்மச் சொல்லல. ஒம்ம வுட்டுருவோம்."

அபுதாஹிர் சிரித்தார். அவர் 1967 தேர்தலில் ஓட்டே போட்டிருந்தார். விரலில் மை இன்னும் அழியவில்லை.

"சட்டம் ஊர் பூரா சுத்துதுன்னா நெனச்சிய? அது ஸ்டேஷன்ல ஒக்காந்திருக்கு. நீங்க தேடிப் போனிய, புடிச்சுக்கிட்டு. நான் அந்தப் பக்கமே போவல."

ஜெயினுலாப்தீனுக்குத் தலை சுற்றியது. அந்த ஹவல்தார் அன்றைக்குக் கறாராக இருந்து பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்திருந்தால், அப்போதே மனுப் போட்டு எல்லாம் நேராகியிருக்கும். இந்த இன்ஸ்பெக்டர் அந்த ஹவல்தார் மாதிரித் தூங்கியிருந்தாலும் தப்பித்திருக்கலாம். முழிக்க வேண்டியவர் தூங்கினார், தூங்க வேண்டியவர் முழித்துக்கொண்டிருக்கிறார். அப்படியானால் சட்டம் கடுமையா, இளக்கமா? யோசிக்க யோசிக்க உப்புப் போட்ட தோலுக்கே மறுபடி உப்புப் போட்டு மேஸ்திரியிடம் வசவு வாங்கினார்.

அந்த வருஷம் பம்பாயில் இன்னொரு காற்றும் அடித்தது. மதராசிகள் வந்து எங்கள் வேலையையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள் என்று வாலிபர்கள் தெருவில் கூடி நின்று சத்தம் போட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவில் சாமான் வாங்கிக்கொண்டு ஜெயினுலாப்தீனும் பிரம்மநாயகமும் திரும்பி வருகையில், நாலைந்து பையன்கள் வழியை மறித்தார்கள். ஒருவன் கையில் கல்.

"ஏ மதராஸி, அப்னா முலுக் ஜாவ்."

பிரம்மநாயகத்தின் முகம் செத்துப்போயிற்று. ஜெயினுலாப்தீனின் முகமோ மலர்ந்தது. மலர்ந்தது என்றால் நிஜமாகவே மலர்ந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பையன்களிடம் போனார். தம்பி, என் முலுக் எது என்று இன்னொரு தரம் சொல்லு என்றார் இந்தியில். மதராஸ் என்றான் ஒருவன், குரல் கொஞ்சம் இறங்கி. இதையே ஸ்டேஷனுக்கு வந்து இன்ஸ்பெக்டர் முன்னால் சொல்ல முடியுமா என்று இவர் கெஞ்சினார். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல் வைத்திருந்தவன் அதைக் கீழே போட்டான். இது ஏதோ வம்பு என்று நினைத்து நழுவிவிட்டார்கள்.

"ஒமக்கு மண்ட கொளம்பிட்டாவே" என்றார் பிரம்மநாயகம்.

"இல்ல அண்ணாச்சி. அவனுவளுக்கு என்மேல என்ன பிரியமா? ஒட்டு ஒறவு இல்லாதவன் சொல்லுத சாட்சிதான செல்லும்?"

பிரம்மநாயகம் கீழே கிடந்த பையை எடுத்துக்கொண்டு நடந்தார். பிறகு, "என்னையும்லா போவச் சொல்லுதான். எனக்கு எந்தச் சட்டம்வே?" என்றார்.

வியாழக்கிழமை வந்ததும் நம்பிக்கையோடு ஸ்டேஷனுக்குப் போனார். இன்ஸ்பெக்டரிடம் நடந்ததையெல்லாம் சொன்னார். பம்பாய்க்காரப் பையன்கள், என்னை முன்பின் தெரியாது, பார்த்ததும் என் முலுக் மதராஸ் என்று சொல்லிவிட்டார்கள், வேண்டுமானால் கூப்பிட்டு விசாரியுங்கள் சாப் என்றார்.

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை அவர். அவருக்கும் குழப்பம்தான்.

"அந்தப் பையன்கள் உன்னை மதராஸுக்குப் போ என்கிறார்கள். நான் கராச்சிக்குப் போ என்கிறேன். இங்கே இரு என்று உன்னிடம் யாராவது சொன்னார்களா?"

ஜெயினுலாப்தீன் யோசித்துப் பார்த்தார். முதலாளி சொன்னதில்லை. டில்லி சொல்லவில்லை. வக்கீல்கூடப் பார்க்கலாம் என்றுதான் சொன்னார்.

"நஹி, சாப்" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை வா என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டு வாசலில் வந்து நின்றவருக்கு உள்ளே போகத் தோன்றவில்லை. வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டதுபோல் இருந்தது. ஹபீபா எட்டிப் பார்த்தாள்.

"என்ன சொன்னாஹ மச்சான்?"

ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார். வெயிலில் நடந்து வந்ததில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. ஹபீபா பாயை விரித்தாள்.

"வாசல்லயே நின்னா எப்படி? இரிங்க மச்சான், சோறு வைக்கேன்."

ஜெயினுலாப்தீன் பாயில் உட்கார்ந்தார். 'இரிங்க' என்று ஒருத்தியாவது சொன்னாளே என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. எதற்கு அழுகிறார் என்று ஹபீபாவுக்குப் புரியவில்லை.