ராகு காலத்துக்கு முன்னால் விழுந்த அடி

பச்சிளங்குழந்தைகள் வார்டில் வேலை செய்யும் நர்ஸுக்குக் குரல் தாழ்ந்திருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு வாய்த்தது எட்டு ஊருக்குக் கேட்கும் குரல். வார்டுக்குள் அதை அடக்கி அடக்கி வைத்து, வெளியே வந்ததும் யார் மீதாவது கொட்டிவிடுவேன். விருத்தாசலத்தில் எங்கள் ஆஸ்பத்திரியை ஒட்டிப் புது வார்டு கட்டத் தொடங்கியபோது அதற்குத் தோதாக ஒரு ஆள் கிடைத்தார். கட்டட மேஸ்திரி.

அவருக்கும் என்னைப் போலவே தொண்டை. சாரத்தில் நிற்கும் ஆளை அவர் கூப்பிட்டால், உள்ளே தூங்கும் குழந்தை கையையும் காலையும் உதறிக்கொண்டு விழிக்கும். டைல்ஸ் அறுக்கும் மெஷின் இரைச்சல் வேறு. பொறுக்க முடியாமல் சைட் இன்ஜினியரிடம் சண்டைக்குப் போனேன். சேத்தியாத்தோப்பிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற இளம்பெண். நான் கத்தி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டு, "நான் உள்ள வந்து பாக்கலாமாங்க சிஸ்டர்?" என்றாள். செருப்பைக் கழற்றி, கை கழுவி, வந்து பார்த்தாள். மறுநாளே மெஷின் காம்பவுண்டின் கோடிக்குப் போய்விட்டது. தூசி பறக்காமல் தண்ணீர் விட்டுத்தான் அறுத்தார்கள். இப்படிப்பட்டவளிடம் எப்படிக் கோபத்தைத் தொடர்வது?

மிச்சம் இருந்தது ஒரு சுவர்தான். பழைய வார்டுக்கும் புதியதற்கும் நடுவில் நின்ற அதை உடைத்து வாசல் வைக்க வேண்டும். அந்தச் சுவரில்தான் வார்மர்களின் பிளக்குகள் இருந்தன. வார்மர் என்பது மேலிருந்து சூடு தரும் திறந்த கட்டில். எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளால் தம் உடம்புச் சூட்டைத் தாமாகக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. வெள்ளிக்கிழமை பதினோரு மணி என்று நானும் இன்ஜினியரும் பேசிவைத்தோம். அதற்குள் பால் கொடுத்து, சுவரோரக் குழந்தைகளை மறுபக்கம் மாற்றிவிடலாம். மேஸ்திரிக்கும் நேரத்தைச் சொல்லியாயிற்று.

சுவரோரத்துக் கடைசி வார்மரில் மாதம் நிறையாமல் பிறந்த ஒரு பெண் குழந்தை இருந்தது. அதன் அம்மா கருவேப்பிலங்குறிச்சிக்காரி. செராமிக் யூனிட்டில் பொம்மை வேலை. இதற்கு முன் ஒன்றைப் பறிகொடுத்தவள். குழந்தையை மார்போடு வைத்துக்கொள், உன் சூடுதான் அதற்கு மருந்து என்று தினமும் சொல்வேன். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாளே தவிர, தொட மாட்டாள்.

"வேகாத பொம்மை மாதிரி இருக்குது சிஸ்டர். நான் தூக்கி ஒடஞ்சிடுச்சின்னா?"

சூளைக்குப் போகாத பொம்மை, கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே விரிசல் விடும். அந்தப் பயம் அவள் விரல்களில் இருந்தது. இந்தக் குழந்தை பிழைக்குமா என்று அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை. 

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிபோல, சுவரோர வார்மர்கள் பட்டென்று அணைந்தன. அலாரம் அலறியது. கூடவே சுவரில் சம்மட்டி அடி. காரைத் தூள் உதிர்ந்தது. கூட இருந்த நர்ஸ் கைக்கு எட்டிய கட்டில்களை மறுபக்கம் தள்ளிக்கொண்டு போனாள். கடைசிக் குழந்தைக்கு அங்கே இன்னும் இடம் ஒழித்திருக்கவில்லை. நான் அதை அள்ளி எடுத்து, அம்மாவின் நைட்டிக்குள் மார்பில் வைத்து, குல்லாவை இழுத்துவிட்டு, மேலே போர்வையைச் சுற்றினேன்.

"புடிச்சிக்கோ. ஒடையாது. புடிம்மா!"

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆனால் பிடித்துக்கொண்டாள்.

பிறகு வெளியே போனேன். அதுவரை சேர்த்துவைத்திருந்த குரல் முழுவதும் வெளியே வந்தது. "மேஸ்திரி! புள்ளைங்கள கொல்லப் பாக்குறீங்களா?"

அவர் திகைத்துப்போய் நின்றார். காலடியில் ஒரு செங்கல், அதன் மேல் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"என்னங்க சிஸ்டர் இப்படி சொல்றீங்க? பதினோரு மணி ராகு காலமுங்க. பச்சப் புள்ளைங்க இருக்குற எடம், அந்த நேரத்துல எப்படிங்க செவுத்துல கைய வெக்கிறது? அதான் முன்னாடியே சாமி கும்புட்டு ஆரம்பிச்சேன். யாருக்கும் ஷாக்கு அடிக்கக்கூடாதுன்னு கரண்ட்டகூட நிறுத்திட்டேனே!"

கெட்ட எண்ணத்தோடு செய்பவனைத் திட்டலாம். இந்த மனுஷர் எங்கள் குழந்தைகளுக்காகவே காலண்டரில் நேரம் பார்த்திருக்கிறார். எனக்கு அழுகைதான் வந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த இன்ஜினியர் முதலில் குழந்தையைப் பற்றிக் கேட்டாள். கால் ஜில்லென்று இருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். அவள் யாரையும் திட்டவில்லை. "பதினோரு மணின்னு சொன்னோம். ஏன் பதினோரு மணின்னு அவருக்கு நாம சொல்லல. ஏன் மாத்துறேன்னு அவரும் நமக்கு சொல்லல," என்றவள், மேஸ்திரியைக் கையோடு உள்ளே கூட்டி வந்தாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். அத்தனை மாதம் சுவரின் அந்தப் பக்கமே நின்றவர், முதன்முறையாக இந்தப் பக்கம் பார்த்தார். போர்வைக்குள்ளிருந்து எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு முகம் தெரிந்தது.

"இவ்ளோதானா?" என்றார். அவரால் மெதுவாகப் பேச முடியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மதியத்துக்குள் குழந்தையின் காலில் சூடு திரும்பியது. அடிபட்ட சுவரின் வயரைச் சரிபார்த்துக் கரண்ட் கொடுத்த பிறகு, வார்மரில் போடக் குழந்தையைக் கேட்டபோது அம்மா தர மறுத்துவிட்டாள்.

மறுநாள் முதல், வேலை தொடங்குமுன் இன்ஜினியர், மேஸ்திரி, டியூட்டி நர்ஸ் என்று மூன்று பேர் அந்தச் சுவரோரம் நின்று பேசுவது வழக்கமாயிற்று. இன்று என்ன வேலை, ஏன், யாருக்குத் தெரிய வேண்டும். படித்தவர்கள் இதற்குப் பெரிய பெயர் ஏதாவது வைத்திருப்பார்கள். நாங்கள் செவுத்துப் பேச்சு என்போம். நான் ஷிஃப்ட் மாறும்போது வார்டிலும் அதையே செய்ய ஆரம்பித்தேன், ஆயாம்மாவையும் சேர்த்து நிறுத்திக்கொண்டு. மேஸ்திரியின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "புள்ள சூடா இருக்குதுங்களா?" அதற்குப் பிறகுதான் சிமெண்ட், மணல் எல்லாம்.

சுவர் உடைக்க மறுபடி நாள் குறித்ததும் அவர்தான். "புதன்கிழம ராகு காலம் பன்னண்டுக்குத்தான் சிஸ்டர். பத்துக்குள்ள பால் குடுத்து புள்ளைங்கள மாத்திடுவீங்கல்ல?" ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டு, அடி சத்தம் அதிராமல், அந்தச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தெடுத்தார்.

திறப்பு விழா நெருங்கியபோது மறுபடி ஒரு சண்டை. புது வார்டுக்குள் முதலில் நுழையப் பசுமாடு ஒன்றுக்கு ஏற்பாடு செய்திருப்பதாக மேஸ்திரி சொன்னார்.

"வார்டுக்குள்ள மாடா?" என் பழைய குரல் தானாக வந்துவிட்டது. இன்ஜினியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"புது எடத்துல மொதல்ல ஒரு நல்ல உயிரு கால வெக்கணுமுங்க," என்று பிடிவாதமாக நின்றார்.

"அதான் இருக்குதே ஒண்ணு," என்றேன்.

விழாவுக்கு வருகிற பெரியவர்கள் வருமுன்னே, அவர் குறித்துக் கொடுத்த நேரத்தில், கருவேப்பிலங்குறிச்சிக்காரி குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு வலது காலை எடுத்து வைத்தாள். மேஸ்திரி தான் போட்ட தரையை மிதிக்காமல் வாசலுக்கு வெளியிலேயே நின்றார். "சூடா இருக்குதுங்களா?" என்றார், ரகசியம்போல.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் திரும்பி, போர்வையை விலக்கிக் குட்டிக் காலை வெளியே நீட்டினாள்.

"கைய கழுவிட்டு வந்து நீங்களே தொட்டுப் பாருங்க."

"கழுவிட்டுத்தாம்மா நிக்கிறேன்," என்றார் அவர்.