தனி வகுப்பும் கடைசிப் பாயும்

முப்பத்தொரு வருடம் பெண்கள் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள் நான். முட்டாள்தனத்தைச் சகித்துக்கொள்ளும் சக்தி அங்கேயே முக்கால்வாசி தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்ததை ஓய்வு பெற்றபின் பிலாட்டிஸ் தீர்த்துவைத்தது.

எல்லாம் சமையலறையில் ஆரம்பித்தது. ஒரு நாள் காலை துவரம்பருப்பு டப்பா கை நழுவிக் கொட்டிவிட்டது. தரையில் உட்கார்ந்து ஒரு பருப்பு விடாமல் பொறுக்கினேன். எழுந்திருக்கப் பார்த்தால் முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது, முழங்கால் சொன்னபடி கேட்கவில்லை, பிடித்துக்கொள்ள மேடையும் எட்டவில்லை. கணவர் போய் ஆறு வருடமாகிறது. வீட்டில் நான் ஒருத்திதான். ஹாலில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கூப்பிட்டது புனேயில் இருக்கும் என் ஒரே பிள்ளை. கடைசியில் அவன் எதிர்வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லி, அவர்கள் வந்து என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். வாசல் கதவைத் தாழிடாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒரே பேச்சுதான். காட்டூர் பக்கம் முதியவர்களுக்கென்று ஒரு குடியிருப்பு கட்டியிருக்கிறார்களாம். மூன்று வேளைச் சாப்பாடு, நர்ஸ், சாயங்காலம் கூட்டுப் பஜனை. கூட்டுப் பஜனையை அவன் ஒரு வசதி என்று நினைத்துச் சொன்னான்.

"என் வீட்டை விட்டு நான் எங்கயும் வரமாட்டேன்" என்றேன்.

"சரி, தீபாவளிக்கு வரேன். தரையில உக்காந்து, கையை ஊனாம எழுந்து காமி. அதுக்கப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன்" என்றான்.

பெற்றவளுக்குப் பரீட்சை வைக்கிறான். அதுவும் என்னிடமே டியூஷன் படித்து, இயற்பியலில் தட்டுத்தடுமாறிப் பாஸானவன். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். வேறு வழி இல்லை. இன்னொரு தடவை விழுந்தால் அவன் என்னைக் கேட்கக்கூட மாட்டான் என்று எனக்குத் தெரியும்.

எலும்பு டாக்டர் பிலாட்டிஸ் போகச் சொன்னார். வயிற்றையும் முதுகையும் கட்டுக்குள் வைத்து, மூச்சோடு சேர்த்து மெதுவாகச் செய்கிற பயிற்சி. யோகா மாதிரியா என்று கேட்டால் இல்லை என்பார்கள். அப்புறம் எது மாதிரி என்று கேட்டால் சிரிப்பார்கள். எங்கள் வீதியிலேயே கும்பலாக ஒரு வகுப்பு ஆரம்பிக்க இருந்தது. காவிரிப் பாலம் தாண்டித் தில்லைநகர் போனால் ஒருவருக்கு ஒருவர் என்று தனி வகுப்பு. முதலில் கும்பலையே பார்ப்போம் என்று போனேன்.

சின்னக் கல்யாண மண்டபம் ஒன்றின் மாடியில், முகூர்த்தம் இல்லாத நாட்களில், காலை ஆறரைக்கு வகுப்பு. என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு மாமிகள். நடத்துகிறவள் பிசியோதெரபி படித்த ஒரு பெண். கைலாசபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். எங்கள் ஊர் மாமிகளைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

மண்டபத்தின் வடக்குக் கோடியில் மேடை. அதில் ஏறி நின்று, "எல்லாரும் மல்லாக்கப் படுங்க. கால் என் பக்கம் இருக்கட்டும்" என்றாள். ஒருவரும் படுக்கவில்லை. வடக்கே கோயில். பெருமாள் இருக்கிற திசையில் காலை நீட்டுவதாவது! "சரிங்க மாமி, அப்ப தலையை இந்தப் பக்கம் வைங்க" என்றாள். வடக்கே தலை வைத்துப் படுக்கப்போடுவது யாரை என்று ஒரு மாமி அவளுக்கு விளக்கினாள். கால் மணி நேரம் பண்டிதர் சதஸ் மாதிரி வாதம் நடந்தது. கிழக்கே தலை, மேற்கே கால் என்று முடிவாயிற்று. "நீ மேற்குப் பக்கம் வந்து நில்லேம்மா" என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அங்கே மண்டபத்து நாற்காலிகளும் அண்டாக்களும் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன.

ஆக, சாஸ்திரம் பிழைத்தது. ஆனால் சொல்லிக்கொடுக்கிறவளைப் பார்க்க வேண்டுமென்றால் படுத்தபடியே கழுத்தை வலப்பக்கம் முழுசாகத் திருப்ப வேண்டும். பத்து நாளில் பன்னிரண்டு பேருக்கும் கழுத்து பிடித்துக்கொண்டது. "நன்னா வேலை செய்யறது பாருங்கோ. உள்ள இருக்கற வலியெல்லாம் வெளில வரது" என்றாள் ஒரு மாமி. மற்றவர்கள் முடிந்த பக்கமாகத் தலையை ஆட்டினார்கள்.

இதையாவது பொறுத்திருப்பேன். பாய் போடுவதில் ஒரு வரிசை இருந்தது. கோயிலில் தீர்த்தம் கொடுக்கிற வரிசையை அப்படியே மாடிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கோயில் மரியாதை உள்ள குடும்பத்து மாமிக்கு மேடையை ஒட்டி முதல் பாய். அடுத்தது அவளுடைய சம்பந்தி. அப்புறம் வீட்டுக்காரர்களின் உத்தியோகத்தை அனுசரித்து மற்றவர்கள். எனக்கு வீட்டுக்காரரும் இல்லை, மரியாதையும் இல்லை. நான் சீக்கிரம் போய் இரண்டாம் வரிசையில் விரித்த பாயை, முதல் பாய் மாமி வந்து காலால் லேசாகத் தள்ளி, "நீங்க அந்தக் கோடில போட்டுக்கோங்கோ, காத்து நன்னா வரும்" என்றாள். அந்தக் கோடியில் வந்தது செருப்பு வாசனை. முப்பத்தொரு வருடம் யார் எந்த பெஞ்சில் உட்காருவது என்று சொன்னவள் நான். ஒரு மாதத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு தில்லைநகர் போய்விட்டேன்.

தில்லைநகரில் கண்ணாடி, ஏசி, எலுமிச்சை போட்ட தண்ணீர். கால் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்க ஆள் இல்லை. அங்கே கற்றுக்கொடுத்தவன் முப்பது வயதுக்காரன். வாயைத் திறந்தால் "சூப்பர் மேடம்". உட்கார்ந்தால் சூப்பர். மூச்சு விட்டால் சூப்பர். ஒரு தடவை தும்மினேன், அதற்கும் சொன்னான். சுவரில் தலைக்கு மேலிருந்து ஸ்பிரிங் வைத்த இரண்டு பட்டைகள் தொங்கின. அவற்றைப் பிடித்துக்கொண்டு கீழே குந்தி எழுந்திருக்க வேண்டும். நான் பத்து தடவை, பதினைந்து தடவை எழுந்தேன். "இருபது வயசுப் பொண்ணு மாதிரி எழுந்திருக்கீங்க மேடம்" என்றான். சொன்னவன் பொய்யன், நம்பியவள் முட்டாள். நான்கு மாதம் தலை நிமிர்ந்து பாலம் தாண்டிப் போய்வந்தேன். வீதியில் எதிர்ப்பட்ட மாமிகளிடம் "நான் தனியாத்தான் கத்துக்கறேன்" என்று கேட்காமலேயே சொன்னேன்.

புரட்டாசியில் ஒரு நாள் பிற்பகல், வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஹாலில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். எழுந்திருக்கப் பார்த்தேன். இடுப்பு ஒரு அங்குலம் கிளம்பித் தொப்பென்று உட்கார்ந்தது. எட்டு தடவை பார்த்தேன். எட்டாவது தடவைதான் எனக்கு உறைத்தது. இழுத்து நீட்டிய ஸ்பிரிங் திரும்பச் சுருங்கும். நான்கு மாதமாக என்னைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தது அந்தச் சுவர்தான். இதைப் பலகையில் படம் போட்டு எத்தனை பெண்களுக்கு நடத்தியிருக்கிறேன்! அன்று எனக்கு வந்த ஆத்திரம் அந்தப் பையன்மீது இல்லை. பயமாகவும் இருந்தது. தீபாவளிக்கு ஐந்து வாரம்தான் பாக்கி.

மறுநாள் ஆறரைக்கு மண்டபத்து மாடியில் போய் நின்றேன். பதினொரு கழுத்துகளும் என் பக்கம் திரும்பின. "வாங்கோ டீச்சர். அங்க ஏசி ஒத்துக்கலையா?" என்று முதல் பாய் மாமி பரிவோடு கேட்டாள். என் பாயைக் கடைசியில், செருப்புக்குப் பக்கத்தில் விரித்தேன். உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லிக்கொடுக்கும்படி அந்தப் பெண்ணைக் கேட்டேன். ஏன் என்று கேட்டாள். பிள்ளை வைத்த பரீட்சையை எல்லார் முன்னாலும் சொல்லவேண்டியதாயிற்று.

அன்று முதல் நான் எழுந்திருப்பதைப் பார்ப்பது அவர்களுக்குத் தினசரி கேளிக்கையாகிவிட்டது. தில்லைநகரில் நான்கு மாதம் யாரும் சொல்லாததை இங்கே நான்கு நாளில் சொன்னார்கள். மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன் என்றாள் ஒருத்தி. வயிறு தொங்குகிறது என்றாள் இன்னொருத்தி. முதல் பாய் மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள். "நிமிர்ந்துண்டே எழுந்திருக்கப் பாக்கறேளே, அது எப்படி முடியும்? தலையை முன்னால தாழ்த்துங்கோ. இன்னும். இன்னும் நன்னா தாழ்த்துங்கோ. உங்களுக்கு அதுதான் கஷ்டம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் அதைக் கருணையால் சொல்லவில்லை. என் தலை அவள் முன்னால் தாழ்வதைப் பார்க்கும் ஆசையில்தான் சொன்னாள். ஆனால் சொன்னது சரி. எடை கால்களுக்கு மேலே வராமல் யாராலும் எழுந்திருக்க முடியாது. தாழ்த்தினேன். எழுந்தேன்.

அவர்களை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. அந்தப் பையனுடைய புகழ்ச்சியைவிட இவர்களுடைய பொறாமை எனக்கு உபயோகப்பட்டது. அதைத் தவிர அவர்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் பிள்ளை வந்தான். நாற்பத்திரண்டு வயது, கம்ப்யூட்டர் உத்தியோகம், சட்டைப் பொத்தானைத் தள்ளுகிற தொப்பை. காபி குடித்ததும் அவன் கேட்பதற்கு முன்னால் நானே ஹால் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, மூச்சை விட்டு, எழுந்து நின்றேன். இன்னொரு தடவையும் செய்தேன்.

அவன் முகம் மலரவில்லை. டம்ளரையே பார்த்தான். "அம்மா, நீ பண்ணுவேன்னு நான் நினைக்கவே இல்ல. அங்க ரூம் சொல்லி வெச்சுட்டேன். தை மாசம் போயிடலாம்னு..." என்றான்.

ஆறு மாதம் பாலம் தாண்டிப் போனதும் செருப்பு வாசனையில் படுத்ததும் யாருக்காக? தோற்றுப்போவாள் என்று முடிவு செய்துவிட்டுத்தான் பரீட்சையே வைத்திருக்கிறான். நான் மறுபடி தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"அப்படியா? வந்து தூக்கிண்டு போ" என்றேன்.

அவன் பதறிக்கொண்டு வந்து, முக்கி முனகி என் பக்கத்தில் உட்கார்ந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ போன் எடுக்காத அந்த ஒரு மணி நேரம் எனக்கு எப்படி இருந்ததுன்னு உனக்குத் தெரியாதும்மா" என்றான். அது பொய் இல்லை. அதற்காக வீட்டை விட்டுக்கொடுக்க முடியுமா?

உள்ளே குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. கையை விடுவித்துக்கொண்டு எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அவன் இன்னும் தரையில்தான் இருந்தான். ஒரு கையைத் தரையில் ஊன்றிப் பார்த்தான். இன்னொரு கை சோபாவைத் தேடியது, அது எட்டவில்லை. முழங்கால் ஒன்று சடக்கென்றது.

"என்னடா, உனக்கும் சேர்த்து ரூம் சொல்லட்டுமா?" என்றேன்.

அவனுக்குக் காது சிவந்தது. "கை குடும்மா" என்றான்.

"முதல்ல போன் பண்ணு" என்றேன்.

அவன் பையிலிருந்து போனை எடுத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்தக் காட்டூர்க்காரர்களைக் கூப்பிட்டு, அறை வேண்டாம் என்று சொன்னான். அவன் சொல்லி முடித்துப் போனை வைக்கும்வரை நான் கை கொடுக்கவில்லை.