வெள்ளை இறங்கிய நாள்

பாலர் வகுப்புகளுக்குப் புதிய பாடத்திட்டம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான்கு வயதில் பிள்ளையின் கை என்னென்ன செய்ய வேண்டும்? முதல் வரியைப் பேனா என்னைக் கேளாமலே எழுதுகிறது: முடிச்சு அவிழ்த்தல். எழுதிவிட்டுத் தனியே இருந்து சிரிக்கிறேன்.

எனக்கு நான்கு வயதில், கொக்குவிலில், ரயில் பாதையோரத்துத் தேவாலய மண்டபத்தில், சின்னம்மா பாலர் வகுப்பு நடத்தினாள். அரிச்சுவடி கிடையாது. வெங்காயம் உரித்தோம், சட்டைத் துளையில் தெறி பூட்டினோம், சுருக்குமுடிச்சு போட்டு அவிழ்த்தோம், செம்பிலிருந்து செம்புக்குச் சிந்தாமல் தண்ணீர் வார்த்தோம், விரிப்புகளை இரண்டிரண்டு பேராகப் பிடித்து முனையோடு முனை வைத்து மடித்தோம். ரயில் வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கைகாட்டினோம். அதுவும் பாடம் என்றுதான் நினைத்திருந்தேன்.

சபை மூப்பரான பெரியப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. என்னைக் காட்டிச் சின்னம்மாவிடம் பாய்ந்தார்.

"உவளுக்கு இன்னும் ஓர் எழுத்துத் தெரியாது. வெங்காயம் மட்டும் நல்லா உரிக்கிறாள். சமையலுக்கோ விடப்போறாய்?"

"கை பழகட்டும் அத்தான். எழுத்து பின்னாலை ஓடி வரும்."

"தாய் தேப்பன் வந்து பாக்கட்டும். அவைக்குப் பிடிக்கேல்லையெண்டால் மண்டபத்தைப் பூட்டுவன்."

பெற்றோர் கூடிய அன்று வெள்ளை கட்டியிருந்தது. நல்ல காரியமென்றால் எங்கள் பக்கத்தில் தோய்த்த துணிகளைக் கயிறுகளில் விரித்து, தலைக்கு மேலே ஒரு வெள்ளைக் கூரை செய்வார்கள். பெரியப்பா பேச எழும்பினார். பேசினார். இன்னும் பேசினார். எனக்குப் பக்கத்துத் தூணில், துணிகளையெல்லாம் தாங்கிய நடுக்கயிற்றின் முடிச்சு, என் வயிற்றளவில், சும்மா இருந்தது. என் கைகளால் சும்மா இருக்க முடியவில்லை.

வெள்ளை இறங்கியது. அவசரமில்லாமல், காற்றைக் குடித்துக் குடித்து, களைத்த மேகம் போல. பெரியப்பாவின் பேச்சு துணிக்குள்ளே சிறிது தூரம் போய் நின்றது.

"ஆரது? ஆர் அவிட்டது?"

பெரியவர்கள் துணிக்குள் தடுமாறினார்கள். எங்களுக்கோ அது மடிக்க வேண்டிய துணி. யாரும் சொல்லாமலே இரண்டிரண்டு பேராக ஓடினோம். உதறி, முனை சேர்த்து, எதிரெதிரே நடந்து வந்து, மடித்து, வாங்குப் பலகையில் அடுக்கினோம்.

கொண்டை அவிழ்ந்து வெளியே வந்த ஒரு தாய் வாய் பிளந்து நின்றாள். "வீட்டிலை தன்ரை சட்டையைக்கூட எடுத்து வையான், இவன்!"

மண்டபம் சிரித்துக் குலுங்கியது. கடைசியாக வெளிப்பட்ட பெரியப்பா மூக்கைத் தடவிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி, காலிரண்டும் மடித்தபடி, துணி அடுக்கின் உச்சியில் இருந்தது.

"சரி, நடத்து," என்றார் சின்னம்மாவிடம். "உந்தக் கயித்துக்காரியை மட்டும் தூணுக்குக் கிட்ட இருத்தாதை."

அன்றிரவு வரை அடிக்குக் காத்திருந்தேன். விழவில்லை. சின்னம்மா என் தட்டில் இன்னொரு துண்டு கேக் வைத்தாள். ஏன் என்று விளங்கவில்லை. மற்ற முடிச்சுகளெல்லாம் ஏணி வைத்துக் கூரை வளையோடு இறுக்கியிருக்க, அது ஒன்று மட்டும், எங்களுக்குப் பழக்கிய அதே சுருக்குமுடிச்சாக, அவ்வளவு பதிவாக, என் கைக்கெட்டும் உயரத்தில் ஏன் இருந்தது? என்னைக் கைபிடித்துக் கூட்டிவந்து அந்தத் தூணடியில் இருத்தியது யார்? கேக்கை விரல் நக்கித் தின்று முடித்தேன், கேட்கத் தோன்றவேயில்லை.