மதினி பேரில் போன விரல்கள்

அது ஐம்பத்தெட்டாம் வருஷமா, ஐம்பத்தொன்பதா என்று கேட்டால் எனக்குக் குழப்பம்தான். சாரல் பிடித்த ஆனி மாதம் என்பது மட்டும் நிச்சயம். என் வலது கையில் நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றும் போனது அப்போதுதான். இதில் கூத்து என்னவென்றால், தென்காசி ஆஸ்பத்திரிக் காகிதப்படி போனது என் விரலே இல்லை, அண்ணன் பெண்டாட்டியான என் மதினியுடையது. அவளுக்கோ பத்து விரலும் பத்திரமாக இருந்தன.

சுரண்டை ரோட்டில் இருந்த பருத்தி அரைக்கிற மில்லில் மதினிக்கு வேலை. கொட்டையோடு வரும் பருத்தியைக் கையால் அள்ளி உருளைக்குக் கொடுக்க வேண்டும்; பஞ்சு ஒரு பக்கம் விழும், கொட்டை ஒரு பக்கம் விழும். என் அண்ணன் மூட்டை தூக்கி இடுப்பு பிடித்து வீட்டோடு கிடந்தான். மதினியின் கூலியில்தான் அவளும், அண்ணனும், பிள்ளைகள் இரண்டும், நானும் சாப்பிட்டோம். அந்தச் சமயத்தில் அவள் அம்மா வீட்டு ஆட்கள் வீரகேரளம்புதூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஐந்தருவிக்குக் குளிக்க வந்தார்கள். அவளுக்கும் போக ஆசை. ஆனால் ஒரு நாள் வராவிட்டால் மில் வாசலில் காத்து நிற்கிற வேறொருத்திக்கு அந்த இடம் போய்விடும்.

"ஏட்டி, ஒரு நாளைக்கு எனக்குப் பதிலா நீ போய் நில்லேன்" என்றாள்.

அந்த மில்லில் இது புதிதில்லை. அக்காவுக்குத் தங்கச்சி, மகளுக்கு அம்மா என்று மாற்றி மாற்றி நிற்பார்கள். மேஸ்திரிக்கும் தெரியும். "பேரு யாரு பேரா இருந்தா என்ன தாயி, ரெண்டு கை வந்தாச் சரி" என்று சிரித்துக்கொண்டே பதிவேட்டில் மதினி பேருக்கு நேரே குறித்தார்.

மத்தியானம், சாரலில் நனைந்த பருத்தி உருளையில் சிக்கிக்கொண்டது. மற்றவர்கள் செய்கிற மாதிரி மிஷினை நிறுத்தாமலே விரலால் தள்ளினேன். நிறுத்தினால் மேஸ்திரி ஏசுவார். வலி உடனே வரவில்லை. பஞ்சு ஏன் சிவப்பாக விழுகிறது என்று மரமண்டை மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரியில் மேஸ்திரி மதினியின் பேரைத்தான் கொடுத்தார். நர்ஸம்மா அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் நானும் "உம்" கொட்டினேன். சாயந்திரம் மதினி ஈரத்தலையோடு ஓடி வந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அவள் மேல் வந்தது கோபமா, இரக்கமா, சொல்லத் தெரியவில்லை. அருவிக்குப் போன தலை காயக்கூட இல்லையே என்றுதான் அப்போது நினைத்தேன்.

மில்லில் அடிபட்டால் நஷ்டஈடு கேட்க உரிமை உண்டு என்று ஆஸ்பத்திரி கம்பவுண்டர்தான் சொன்னார். மனுவையும் அவரே எழுதிக் கொடுத்தார். காகிதத்தில் இருந்த பேரில்தானே எழுத முடியும்? மதினி பேரில் எழுதினார். விசாரிக்க ஒரு ஆபீசர் வந்தார். மில் ஆபீஸ் அறைக்கு மதினியையும் என்னையும் கூப்பிட்டார்கள்.

மேஸ்திரி பதிவேட்டை விரித்தார். "பாருங்கய்யா, அன்னைக்கு வேலைக்கு வந்தவ இவதான். விரலை எண்ணிப் பாருங்க. இன்னொருத்தி இவ புருசன்கூடப் பொறந்தவ. வீட்டுல அருவாமணையில கையைக் குடுத்துட்டு இங்கன வந்து நிக்குதா."

அடப்பாவி மனுஷா! ஆனால் எதைச் சொல்லி மறுப்பது? பதிவேட்டில் இருப்பது பொய் என்றால் அந்தப் பொய்யில் நாங்களும் கூட்டுத்தானே.

ஆபீசர் பதிவேட்டை மூடினார். "பேரு கிடக்கட்டும்மா. அன்னைக்கு அந்த மிஷின்ல வேலை பார்த்த கை யாரோடது? அதைக் காட்டுங்க, போதும்" என்றார்.

என்னைப் பொறி வைத்துப் பிடிக்கிறார் என்றே நினைத்தேன். காட்டினால் ஆள்மாறாட்டம் என்று மதினியின் சீட்டைக் கிழித்துவிடுவார்கள், அஞ்சு வயிறும் காயும். நான் மதினியைப் பார்த்தேன். மதினி என்னைப் பார்த்தாள். கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அவர் இன்னொரு தடவையும் கேட்டார். பிறகு ஏதோ எழுதி, காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார். நஷ்டஈடு என்று ஒரு காசும் வரவில்லை.

ரொம்ப வருஷம் கழித்து ஒரு வக்கீல் குமாஸ்தா இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "மேஸ்திரி வேலைக்கு நிறுத்தித்தானம்மா நின்னே? அப்ப அன்னைக்கு நீதான் மில்லு ஆளு. அந்த ஆபீசர் உனக்கு வழி விட்டுக் கேட்டிருக்காரு." இதை அன்றைக்கு எங்களுக்குச் சொல்ல நாதியில்லை.

ஆபீசர் விசாரித்த அன்று சாரலில் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் மதினி நின்றாள்.

"ஏட்டி, கையை ஏன் ஒளிச்சே?"

"உங்க வேலை போயிருமேன்னுதான் மதினி. சொல்லுததுன்னா நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

"நீ காட்டுவேன்னுல்லா நான் வாய மூடிக்கிட்டு நின்னேன். நீ காட்டியிருந்தா, ஆமான்னு சொல்லியிருப்பேன்."

மறுநாள் காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டு மில்லுக்குப் போனாள். அதே மிஷின்தான். நான் காட்டியிருந்தால் நிஜமாகவே சொல்லியிருப்பாளா? அதற்கப்புறம் இருபது வருஷம் ஒரே வீட்டில் அவள் எனக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள். கேட்க எனக்கு ஒரு நாளும் தைரியம் வரவில்லை.